துரைச்செடி உதிர்ந்த ஆடி மாதம்

அக்கா,

இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடித் தெருவில் ஒரு கல்யாண வீட்டைத் தாண்டிக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். பெண்ணும் மாப்பிள்ளையும் வண்டியை விட்டு இறங்கி நின்றார்கள். ஓர் அம்மாள் ஆரத்தி சுற்றி முடித்து, அந்தச் சிவந்த தண்ணீரை வாசலோரத்து ரோஜாத் தொட்டியில் ஊற்றினாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கால் நின்றுவிட்டது. "செடி பட்டுப்போகும், தெருவுல ஊத்துங்க" என்று சொல்லியும்விட்டேன். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இப்படி வாய் வைத்தவனை அவள் எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள். யார் வீட்டுப் பிள்ளை இது என்று பின்னால் யாரோ கேட்டது காதில் விழுந்தது. உன் தம்பி என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு என்ன விளங்கியிருக்கும்?

ராஜபாளையத்து வீட்டுக்கு அந்தப் பெரணிச் செடி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அப்பா பஞ்சு வியாபார விஷயமாக ஸ்ரீவில்லிபுத்தூர் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரையைப் பார்க்கப் போனவர், ஈரச் சாக்கில் சுற்றி அதை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். துரையே கையால் கொடுத்தார் என்று தெரு முழுக்கச் சொன்னார். தோட்டக்காரன்தான் ஒரு கிழங்கைப் பிய்த்துக் கொடுத்தான் என்று வண்டிக்காரர் உன்னிடம் சொல்லிவிட்டார். நீ சிரிப்பை அடக்கச் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாய். அன்றிலிருந்து அதற்குத் துரைச்செடி என்று பெயர். மண்தொட்டி அழகாக இல்லை என்று அப்பா அதைப் பித்தளை அண்டாவுக்குள் இறக்கி, கூடத்தில் நிலைக்கண்ணாடிக்குக் கீழே வைத்தார்.

கூடம்தான் உன் இடம். புருஷன் செத்துத் திரும்பி வந்த பிறகு, ஆண்கள் வெளியே போன மத்தியான வேளையில் மட்டும் உனக்குக் கிடைத்த இடம். அங்கே உட்கார்ந்து, அப்பா மடித்துப் போட்ட பத்திரிகையை எழுத்துக் கூட்டி வாசிப்பாய். ஒருநாள் செடியின் இலையைத் திருப்பி என்னிடம் காட்டினாய். அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். "பாத்தியாலே, இது மட்டும் எம்புட்டுப் பொட்டு வச்சிருக்கு. இதுகிட்ட ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல" என்றாய். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் விழித்தேன். நீதான் முதலில் சிரித்தாய்.

வைகாசியில் பெரியண்ணனுக்குத் தளவாய்புரத்தில் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் வந்தபோதெல்லாம் அம்மா ஆரத்தி எடுத்தாள். அந்தத் தண்ணீரைக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும். தெருவில் கண்டவன் மிதிப்பான். கூடத்துத் தொட்டியை எவன் மிதிக்கப் போகிறான்? எல்லாம் துரைச்செடிக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் அண்ணனுக்குச் சுற்றிப்போட்ட உப்பைக் கரைத்த தண்ணீரும் அங்கேதான்.

ஆனி முடிவில் செடி உதிரத் தொடங்கியது. முதலில் இலை நுனி கருகியது. பிறகு மஞ்சள் பூத்தது. பிறகு தினமும் காலையில் தரையில் தவிடு கொட்டினமாதிரி சின்னச் சின்ன இலைகள் கிடந்தன. காம்புகள் மட்டும் கம்பிபோல நின்றன. தண்ணீர் போதவில்லை என்று அப்பா சத்தம் போட்டார். இன்னும் ஊற்றினார்கள். இன்னும் உதிர்ந்தது. கல்யாணம் ஆவணியில் என்று முடிவாகியிருந்தது. தட்டு மாற்றிக்கொள்ள வந்த பெண்ணின் அத்தை கூடத்தையே சுற்றிப் பார்த்தாள். செடியைப் பார்த்தாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்ற உன்னைப் பார்த்தாள்.

"தாலியறுத்த பிள்ளைய வீட்டுக்குள்ள வச்சிருந்தா பச்சை எப்பிடி நிக்கும்? எங்க பிள்ளை நாளைக்கு இங்கதான் விளக்கேத்தணும்" என்றாள்.

அதோடு தீர்ப்பு எழுதியாயிற்று. ஆவணி பிறக்கும் முன் உன்னைச் சுந்தரபாண்டியத்து மாமியார் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அங்கே என்ன காத்திருந்தது என்று நம் எல்லோருக்கும் தெரியும். மகனை விழுங்கியவள் என்று உன்னைப் பேர் சொல்லாமல் கூப்பிட்டவர்கள், மொட்டையடிக்க வரச்சொல்லி ஆள் அனுப்பியவர்கள். அம்மா அழுதாள். அழுதுகொண்டே செடிக்கு இன்னொரு தடவை உப்புச் சுற்றினாள்.

நீ அழவில்லை. மறுநாள் மத்தியானம் செடி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாய். ஆடிக்காற்று மேற்கு ஜன்னல் வழியாக மலையிலிருந்து நேராக வந்து மோதிக்கொண்டிருந்தது. இந்தக் காற்றுதான் உலர்த்துகிறதோ என்று அண்டாவை மூலைக்கு நகர்த்தச் சொன்னாய். நகர்த்தினோம். நாலைந்து நாள் பார்த்தோம். உதிர்வது நிற்கவில்லை. "அப்போ காத்தும் இல்ல" என்றாய். தொட்டியைத் தூக்கினோம். அடியில் ஓட்டை இருந்தது. ஆனால் அண்டாவில் இல்லை. ஊற்றியதெல்லாம் வெளியேற வழியின்றி அங்கேயே நின்று நாறியது. மண்ணின்மேல் வெள்ளையாக ஆடை படிந்திருந்தது. அதை விரலால் சுரண்டி நாக்கில் வைத்தாய். நான் ஐயையோ என்றேன்.

"உப்புலே. பொறவு சுண்ணாம்பு. நாக்கு பொத்துப்போச்சு" என்று துப்பினாய்.

உடனே அம்மாவிடம் ஓடலாம் என்றேன். நீ கையைப் பிடித்து இழுத்தாய். சொன்னால் நம்பமாட்டார்கள், காட்டினால்தான் என்றாய். உயிரிருந்த கிழங்கில் பாதியைப் பிரித்து வேரை அலசினாய். மலையடிவாரத்து ஓடைக்கரையில் மக்கிய இலைமண்ணை நான் சாக்கில் அள்ளிவந்தேன். அடியில் விரிசல் விட்ட பழைய பானையில் அதை நட்டு, கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால், வெயிலும் காற்றும் படாத நிழலில் வைத்தாய். ஓடைத்தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். கூடத்துக்கு ஊத்துற அதே கிணத்துத் தண்ணிதான். இல்லாட்டி தண்ணியில குத்தம்பாவ." நான் கோர்ட்டில் பார்த்த எந்த வக்கீலும் இவ்வளவு கெட்டியாக வழக்குக் கட்டியதில்லை.

பிறகு ஒன்று சொன்னாய். அதை நான் எங்கே இருந்தாலும் கேட்கிறேன். "தினமும் இது முன்னால உக்காந்து கண்ணு கொட்டாமப் பாக்கப்போறேன். என் கண்ணு எம்புட்டுக் கெட்டதுன்னு நானும் தெரிஞ்சுக்கிடுதேன்."

விளையாட்டாகச் சொன்னாய் என்றுதான் அப்போது நினைத்தேன். இல்லை. உனக்கே அந்தச் சந்தேகத்தை ஊட்டியிருந்தார்கள். எத்தனை பேர் சேர்ந்து எத்தனை வருஷம் சொன்னால் ஒரு பெண் தன் கண்ணையே பயந்து பார்ப்பாள்! கிணற்றடிக்கு விடிகாலையில் நீ போன நடையில் பயம் இருந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினாய். ஒருநாள் பானையின் நடுவிலிருந்து பச்சைக்குழந்தையின் மூடின கைபோல ஒரு தளிர் சுருண்டு எழுந்திருந்தது. அன்றைக்குத்தான் நீ துவைக்கிற கல்லில் தலைவைத்து அழுதாய்.

ஆடிக் கடைசியில், மாமியார் வீட்டுக்கு வண்டி சொல்லியாயிற்று என்று அப்பா அறிவித்த சாயங்காலம், பானையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாய். மொட்டைக் கம்பியாக நின்ற துரைச்செடிக்குப் பக்கத்தில் அதை வைத்தாய். அதில் நாலைந்து புதுத் தளிர்கள் பச்சையாக விரிந்து நின்றன.

"அம்மா, ரெண்டும் ஒரே கிழங்கு. இத நான் தினமும் பாத்தேன். அத நீ தினமும் காப்பாத்துன."

அம்மா குனிந்து, அந்த வெள்ளை ஆடையை நகத்தால் கீறி நாக்கில் வைத்தாள். அப்பாவுக்குப் பெரிய சந்தோஷம். நல்ல செடியை அண்டாவில் வைக்கச் சொன்னார். வண்டியைப் பற்றிக் கேட்டதற்கு, சொன்ன சொல் சொன்னதுதான், நாளை விடிய மாடு பூட்டிவிடுவார்கள் என்றார். செடிக்குக் கிடைத்த நியாயம் பெற்ற மகளுக்குக் கிடையாது. நான் கத்தினேன். கன்னத்தில் வாங்கினேன்.

காலையில் வண்டி வாசலில் நின்றது. நீ மூட்டையோடு கூடத்தில் நின்றாய். அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். உன் மூட்டையை வாங்கி உள்ளே எறிந்துவிட்டு, வாசலுக்குப் போய் வண்டிக்காரரிடம், "மாட்ட அவுத்துவிட்டு வந்து கஞ்சி குடிச்சிட்டுப் போங்கண்ணே. இன்னிக்கு ஒருத்தரும் எங்கயும் போகல" என்றாள். அப்பா எழுந்தார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்துவிட்டார். தளவாய்புரத்துப் பேச்சு முறிந்தது. அப்பா அந்த மழைக்காலம் முழுவதும் அம்மாவோடு பேசவில்லை. அம்மா அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

நீ அதற்குப் பிறகு சில வருஷங்களே இருந்தாய். விஷக்காய்ச்சலில் போனாய், கூடத்தில், ஜன்னலோரத்தில், உன் இடத்தில் கிடந்து போனாய். பாவம், விடுதலை என்றார்கள் துக்கத்துக்கு வந்தவர்கள். அவர்களை நான் வாசலோடு அனுப்பியது உனக்குப் பிடித்திருக்கும்.

இப்போது அப்பாவும் இல்லை. பெரியண்ணன் வியாபாரத்தைப் பார்க்கிறான். வக்கீல் குமாஸ்தாவாகச் சேர்ந்த என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா இருக்கிறாள். வந்த நாளிலிருந்து, நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். வண்டியைத் திருப்பி அனுப்பிய அதே அம்மா. காலையில் தாலியறுத்த தன் முகம் மகன் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். அக்கா, உன்னிடமிருந்து நான் கொண்டுவந்தது இந்த ஒரு பிடிவாதம்தான். அவள் எதிரே வந்து நிற்கும்வரை படி இறங்கமாட்டேன். கோர்ட்டு போனால் போகட்டும். மழையில் நின்றிருக்கிறேன். ஏச்சு கேட்டிருக்கிறேன்.

இன்றைக்கும் நின்றேன். கதவு அசைந்தது. கையில் இருந்த ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, என் முகத்துக்கு நேராக நின்றாள்.

"நல்லாப் பாத்துக்கிட்டியாலே? போ, நேரமாச்சு."