சுவரில் மூன்று தட்டு

ஏப்ரல் 9, புதன்

ஆஷ்லி இன்றைக்கும் முகத்தைச் சுளித்தான். வீடு விற்றுத் தரும் கம்பெனியில் அவன் சேர்ந்தே ஒரு வருஷம்தான் இருக்கும், ஆனால் கேள்விக்குக் குறைச்சல் இல்லை. "ஏன் மிஸஸ் ஹோல்ராய்ட், புதன், சனி மத்தியானம் மட்டும்தான் வீட்டைக் காட்டுவீங்களா? வேலைக்குப் போறவங்க சாயங்காலம்தானே வருவாங்க?" லென்னுக்கு உடம்பு முடியவில்லை, மற்ற நேரம் படுத்திருப்பான் என்றேன். பாதி உண்மை. மீதி என்னவென்றால், புதனும் சனியும்தான் பக்கத்து வீட்டு கிரிம்ஷா கிளப் புல்தரையில் பந்து உருட்டி விளையாடப் போவார்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். லென் இருமினால் அந்தப் பக்கத்திலிருந்து மூன்று தட்டு விழும். டக் டக் டக். நாலு வருஷமாக. கம்பளி ஆலைத் தூசி என் புருஷன் நெஞ்சில் போய் உட்கார்ந்ததற்கு அவன் என்ன செய்வான்? கிரிம்ஷாவிடம் போய்ச் சொன்னேன், கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் நகராட்சிக்கு எழுதிப் போட்டேன். ஒருத்தர் வந்து இரண்டு வீட்டிலும் தேநீர் குடித்துவிட்டுப் போனார். அவர் கார் தெருமுனை திரும்புவதற்குள் தட்டு. அதற்கப்புறம் லென் பச்சைக் குஷனை வாயில் அழுத்திக்கொண்டு இருமப் பழகினான்.

கிறிஸ்துமஸிலிருந்து அவனால் மாடி ஏற முடியவில்லை. கூடத்து நாற்காலியில்தான் தூக்கம். ஃபைலியில், கடலுக்குப் பக்கத்தில், மாடிப்படியே இல்லாத சின்ன வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். யாரோடும் சுவர் ஒட்டாத தனி வீடு. இது விற்றால் அது. இல்லாவிட்டால் நாற்காலி.

ஏப்ரல் 12, சனி

பெத்தனி என்று ஒரு பெண் வந்தாள். ஆறு மாதம் இருக்கும், வயிறு நன்றாகத் தெரிகிறது. மாடியில் பின்னறைக்குப் போனதும் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "தொட்டிலை இங்க போடலாம். கதகதன்னு இருக்கு."

"வெயில் நல்லா வரும்மா" என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 15, செவ்வாய்

நாங்கள் கேட்ட விலைக்கே பெத்தனி சம்மதித்துவிட்டாள். லென் மீனும் சிப்ஸும் வாங்கி வரச் சொன்னான், தன் பங்கைத் தின்றுவிட்டு என் தட்டிலும் கை வைத்தான். ஃபைலிக்காரர்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வக்கீல் அனுப்பிய படிவம், வாங்குகிறவருக்காக விற்கிறவர் நிரப்பித் தர வேண்டியது. கொதிகலன் எப்போது மாற்றினீர்கள், வேலி யாருடையது, எல்லாவற்றுக்கும் மளமளவென்று எழுதினேன். பிறகு அந்தக் கேள்வி: அண்டை வீட்டாருடன் தகராறு ஏதாவது உண்டா, முன்பு இருந்ததா, வர வாய்ப்புண்டா?

தகராறு என்றால் இரண்டு பேர் சண்டை போட வேண்டாமா? இங்கே ஒருத்தன் இருமுகிறான், ஒருத்தர் தட்டுகிறார். இதற்கு என்ன பெயர்?

மகள் டிரேசிக்குப் போன் போட்டேன். "இல்லைன்னு எழுதும்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

"நகராட்சியில என் கடுதாசி இருக்கே."

"அதை யாரு தோண்டுவா? அப்பாவைப் பாரு முதல்ல. ஊருக்கெல்லாம் நல்லவளா இருந்தது போதும்."

இல்லை என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

ஏப்ரல் 23, புதன்

அனுப்பவில்லை. கைப்பையிலேயே கிடக்கிறது.

ஏப்ரல் 26, சனி

திரைச்சீலைக்கு அளவெடுக்க பெத்தனி வந்தாள். நல்ல மழை. மழையில் யார் பந்து உருட்டுவார்கள்? அந்த ஆள் வீட்டில்தான் இருந்தார். இது என் மரமண்டைக்கு எட்டவில்லை. அவள் கூடத்து ஜன்னலில் டேப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது லென்னுக்கு இருமல் வந்துவிட்டது. குஷனை எடுப்பதற்குள் டக் டக் டக்.

"என்னது அது?" என்றாள்.

"குழாய்ம்மா. பழைய வீடு பாரு. வெந்நீர் ஏறும்போது அப்படித்தான்."

எவ்வளவு சுலபமாக வருகிறது வாயில். அவள் சிரித்துக்கொண்டே அளவைக் குறித்துக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். லென் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறு வயதிலிருந்து தெரிந்தவன், அவன் பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. "குழாயா?" என்றான். நான் பாத்திரம் கழுவப் போனேன். அங்கிருந்தே கேட்டது: "நான் குஷனை வெச்சு அமுக்கிப்பேன், லோர்னா. அது பச்சப் புள்ள. அத அவ எதை வெச்சு அமுக்குவா?"

ஏப்ரல் 27, ஞாயிறு

புதுப் படிவத்தில் ஆமாம் என்று எழுதினேன். சுவர், இருமல், தட்டு, நகராட்சி, எல்லாம். இருமல் என்று எழுதும்போது அழுகை வந்துவிட்டது. அவன் மானத்தை எடுத்து அந்நியர் கையில் கொடுக்கிற மாதிரி இருந்தது. லென் வாசித்துப் பார்த்து, "நாலு வருஷம் இல்ல, நாலரை" என்றான்.

மே 6, செவ்வாய்

போயிற்று.

படிவத்தைப் படித்ததும் பெத்தனி நேரே கிரிம்ஷா வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருக்கிறாள். அவர் எதையும் மறுக்கவில்லையாம். "ஆமா, தட்டுவேன். கொழந்த அழுதாலும் தட்டுவேன்" என்றாராம். பொய்தான் சொல்லத் தெரியாது அந்த ஆளுக்கு.

அங்கிருந்து என் வாசலுக்கு வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டாள். "எழுதிக் கொடுத்தீங்க, அதுக்கு தேங்க்ஸ். ஆனா குழாய்ன்னு சொன்னீங்களே. நான் ஊரெல்லாம் தொட்டில் ரூம் தொட்டில் ரூம்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்." கண் சிவந்திருந்தது.

மே 7, புதன்

ஃபைலிக்காரர்கள் மாசக் கடைசி வரை பொறுப்பார்களாம். ஆஷ்லி இன்னொரு ஆள் இருக்கிறார் என்கிறான். வீடு வாங்கி அறை அறையாக வாடகைக்கு விடுகிறவர். "காலேஜ் பசங்க அஞ்சு பேரை வெப்பாரு. பக்கத்து வீட்டுத் தகராறெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்ல. அவரோட இன்னொரு வீட்டுல பசங்க டிரம்ஸ் வாசிக்கிறாங்க, தெருவே புகார் குடுத்தும் அசையல." ஆனால் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். அதில் ஃபைலி வராது. டிரேசி போனில் கத்தினாள். கத்தட்டும். லென் தூக்கத்தில் நாற்காலியிலிருந்து சரிந்திருந்தான், நிமிர்த்தி உட்கார வைத்தேன்.

மே 10, சனி

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொல்லி என்னத்தைக் கண்டேன்?

மே 14, புதன்

பந்து உருட்டப் போக வேண்டிய நேரத்தில் வாசல் மணி அடித்தது. கிரிம்ஷா. டை கட்டி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. நாலு வருஷத்தில் முதல் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தார். தேநீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. இந்த ஊரில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

"வீட்ட நானே வாங்கிக்கிறேன்" என்றார்.

நான் லென்னைப் பார்த்தேன், லென் என்னைப் பார்த்தான். "வாங்கி?"

"ஒண்ணும் இல்ல. பூட்டி வெப்பேன். அந்தப் பக்கம் யாரும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்." செத்துப்போன தங்கையின் வீட்டை விற்ற பணம் சும்மா கிடக்கிறதாம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெலையில கொஞ்சம் குறைக்கணும். பக்கத்து வீட்டோட தகராறு இருக்கிற வீடு பாருங்க. வேற யாரு வாங்குவா?"

"அந்தத் தகராறே நீங்கதானே."

"இருக்கலாம். ஆனாலும் தகராறு தகராறுதானே."

லென்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாக மாறி, குஷனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்குகிறது. அப்போதுதான் பார்த்தேன். கிரிம்ஷாவின் கை அவர் முழங்கால் மேல் தானாகத் தட்டியது. மூன்று முறை. அவருக்கே தெரிந்ததோ என்னவோ. எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, லென் முகத்துக்கு நேரே.

எனக்குக் கோபம் உச்சி வரைக்கும் ஏறிவிட்டது. ஆனால் கத்தவில்லை. அது எனக்கே ஆச்சரியம்தான். "மிஸ்டர் கிரிம்ஷா, விக்கிறவ எதையும் மறைக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதனால உங்ககிட்ட சொல்லிடறேன்" என்று ஆரம்பித்து, காலேஜ் பசங்க அஞ்சு பேரையும் டிரம்ஸையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அவர் தொப்பியை முன்பின்னாகப் போட்டுக்கொண்டு போனார்.

மே 16, வெள்ளி

கிரிம்ஷா முழு விலை தருகிறாராம். ஆஷ்லி போனில் துள்ளுகிறான்.

டிரேசி தவழ்ந்த வீடு, அவன் பூட்டி வைப்பானாம். "அந்த ஆளுக்கா குடுக்கணும்?" என்று லென்னிடம் கேட்டேன்.

"யாருக்குக் குடுத்தா என்ன. எனக்கு மூச்சு விடணும், லோர்னா."

ஆஷ்லிக்குப் போன் போட்டு, சரி என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அதே படிவம்தான் போக வேண்டும் என்று வக்கீல் சொல்லிவிட்டார். கிரிம்ஷா தன்னைப் பற்றியே நான் எழுதியதை வாசித்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார். லென்னுக்கு இரண்டு நாளாக இதே சிரிப்பு.

கடையில் பெத்தனியைப் பார்த்தேன். குழந்தை பிறந்துவிட்டது, பெண். அம்மா வீட்டில்தான் இருக்கிறாளாம், நாலு பேர் ஒரே அறையில். தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். வீட்டுக்கு வந்து சாமான் கட்டவே கை ஓடவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கடைசியாக மாடிக்குப் போய்ப் பின்னறையைப் பெருக்கினேன். அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், கதகதப்பாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு தட்டு தட்டிவிட்டு வரலாமா என்று தோன்றியது. தட்டவில்லை. சாவியை ஆஷ்லியிடம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஃபைலி வந்து ஒன்பது நாள். லென் படுக்கையில் நீட்டிப் படுத்துத் தூங்குகிறான். வாசல் வரை நடந்து கடலைப் பார்த்துவிட்டு வருகிறான்.

ஆனால் இருமல் வந்தால் இன்னமும் குஷனைத் தேடுகிறான். இன்று காலையும் அப்படித்தான், மூஞ்சியெல்லாம் சிவக்க அழுத்திக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. பிடுங்கினேன். "விடு. இங்க யாரு இருக்கா தட்ட? இருமு."

அவன் சுவரைப் பார்த்தான். அதற்கு அந்தப் பக்கம் குப்பைத் தொட்டி. அதற்கும் அப்பால் காற்று.

இருமினான். எத்தனை வருஷமாயிற்று அந்தச் சத்தத்தை முழுசாகக் கேட்டு. ஜன்னலே அதிர்ந்தது. முடிந்ததும் இரண்டு பேரும் அப்படியே இருந்தோம், அவன் வாயைத் துடைக்கவில்லை, நான் குஷனைக் கீழே வைக்கவில்லை. இருவரும் எதற்குக் காத்திருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியும்.

"குழாய்கூடச் சத்தம் போடல" என்றான் லென்.