முதுகு நேராகும் வரை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிக்கிறோம். அதனால் எழுதுகிறேன். பயிற்சிக்கு என்னிடம் நீ விட்டுப்போன உன் மகள் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், என் தலையணையையும் பிடுங்கிக்கொண்டாள். வாலு என்று சும்மாவா பேர் வைத்தோம்.

ஏன் இன்னும் அவளை எடை தூக்க விடவில்லை என்று நீ கேட்டதற்கு வருகிறேன். ஓட்டத்தில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் எடைப் பயிற்சியில், தரையில் கிடக்கும் கம்பியை எடுக்கும்போது இடுப்பை மடக்காமல் முதுகை வளைக்கிறாள். வெறும் கம்பி அதை மன்னிக்கும். எடைத் தட்டுகள் மாட்டினால் மன்னிக்காது. அதனால் இப்போதைக்குத் துடைப்பக்குச்சிதான் கொடுத்திருக்கிறேன். குச்சியை முதுகோடு நெடுக்காகப் பிடித்து, தலை, முதுகு, இடுப்பு மூன்றும் அதில் ஒட்டியபடியே குனிய வேண்டும். விலகினால் மறுபடியும் முதலிலிருந்து.

"மத்தவங்கல்லாம் இரும்பு தூக்குறாங்க. நான் என்ன வீடு கூட்டவா வந்தேன் அத்தை?" என்கிறாள்.

"கூட்டுறதுக்கும் இடுப்புலதான்டி குனியணும்" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு தலைவாரிவிடச் சொல்லி அவளே வந்து மடியருகில் உட்கார்ந்தாள்.

கொஞ்சம் பொறு. முதுகு நேரானதும் நானே எடை ஏற்றுவேன்.

உன் அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பஸ் ஓட்டுகிறவன். எலும்புக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது. ஏப்ரலில் தேர்வுப் போட்டி என்பது தெரியும். கூட ஓடும் பிள்ளைகள் தங்கள் எடைக்குச் சமமாகத் தூக்குகிறார்கள் என்று அவர்களின் அப்பாக்கள் என் பஸ்ஸில் ஏறி எனக்கே சொல்கிறார்கள். என் மகள் கையில் மட்டும் துடைப்பக்குச்சி.

இங்கே ஸ்டேடியத்தில் ஒரு கோச்சிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அவளைக் கூட்டிப்போகிறேன். துணிமணியை எடுத்து வை.

கோபப்படாதே அக்கா. பெத்தவனுக்குத்தான் இந்த அவசரம் தெரியும். உனக்கு அது புரியாது.

தம்பி


பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நீ கடைசியில் எழுதியிருந்ததற்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

அவசரத்தில் குளிர்சட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். துவைத்துத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீ வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது என் காதில், "நான் செலக்ட் ஆனதும் வருவேன். அப்பவாவது இரும்பு தருவீங்களா?" என்று கேட்டாள். தருகிறேன் என்றேன்.

புதுக் கோச்சின் காதில் ஒன்றை மட்டும் போட்டு வை. களைத்துப்போனால் அவள் முதுகு தானாக வளையும். அந்த இடத்தில் நிறுத்திவிடச் சொல். அவளாக நிறுத்த மாட்டாள். உன் ரத்தம்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

வாலு தேர்வாகிவிட்டாள். இரண்டாவதாக வந்தாள். ஓடி முடித்த மூச்சோடு, "அத்தைக்குச் சொல்லுங்கப்பா" என்றாள். சொல்லிவிட்டேன்.

தம்பி


ஜூலை 9

அக்கா,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. போன மாதம் பயிற்சியில், தூக்கிய கம்பியைப் பாதியில் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முதுகில் டிஸ்க் விலகியிருக்கிறதாம். இடது கால் மரத்துப்போகிறது. ஓட்டத்தை மறந்துவிடுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளும் என்னிடம் கேட்கவில்லை.

கோச்சைத் திட்டி என்ன ஆகப்போகிறது. "ஏத்துங்க சார், தாங்குவா" என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்.

உன்னை வரச் சொல்லட்டுமா என்று அவளிடம் கேட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "வேணாம்பா. அத்தை என் முகத்தைப் பார்க்க மாட்டாங்க. நான் நடக்குறதைத்தான் பார்ப்பாங்க. எவ்வளவு கெட்டுப்போச்சுன்னு அவங்க கண்ணுக்கு உடனே தெரிஞ்சிடும்" என்றாள்.

வராதே அக்கா. உன் முகத்தில் விழிக்க எனக்கும் தெம்பில்லை.

தம்பி


ஜூலை 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் பாதி படித்ததுமே பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். மீதியை அங்கே உட்கார்ந்துதான் படித்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை.

அவள் சொன்னது சரிதான். எந்தப் பிள்ளை எதிரே வந்தாலும் என் கண் முதலில் முதுகுக்குத்தான் போகிறது. பிறகுதான் முகம். அவள் முன்னால் மட்டும் என் கண்ணை எப்படி மாற்றிக்கொள்வேன்? எனக்காக அவள் வலியை அடக்கிக்கொண்டு நேராக நடந்து காட்டுவாள். அதை நான் பார்க்க வேண்டாம்.

நான் சொன்னது பலித்துவிட்டது என்று நினைப்பேனோ என்று நீ குமைய வேண்டாம். பலிக்காமல் போயிருந்தால் நான் முட்டாள் என்று பேர் வாங்கியிருப்பேன். எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நேற்று மைதானத்தில் புதுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். "குனிங்க" என்று சொல்வதற்குப் பதில், துடைப்பக்குச்சிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒன்று மட்டும் செய். காலையில் அவளைப் படுக்கையிலிருந்து நேராக எழுந்து உட்கார விடாதே. முதலில் முழங்கால்களை மடக்கட்டும். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களிக்கட்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, கையை ஊன்றி, மெதுவாக எழட்டும். நீ பக்கத்தில் நில். பிடித்துத் தூக்காதே. வலி கொஞ்சம் குறையும்.

நான் சொன்னதாகச் சொல்லாதே. டாக்டர் சொன்னதாகச் சொல்.

அக்கா