பதினோரு சாக்கு மண்

ஏப்ரல் 9
கத்தரிக்குத் தண்ணீர் விட்டேன். போன ஜூனில் கைக்கு வந்தபோது வெடித்துக் கிடந்த நிலம், இப்போது காலை வைத்தால் மெத்தென்று இருக்கிறது. குளத்து வண்டலும் சாணமும் சுமந்து என் இடுப்புதான் போய்விட்டது.

ஏப்ரல் 21
நிலக்காரர் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். ஜூன் ஒன்றாம் தேதி குத்தகைக்காரர்கள் எல்லோரும் இடம் மாற வேண்டும். நான் பள்ளத்து வயலுக்கு. அங்கே இருக்கும் நெட்டை அண்ணன் என் மேட்டு வயலுக்கு. வருஷா வருஷம் இதே கூத்துதான். ஒரே இடத்தில் விட்டால், நாளைக்கு நிலம் எங்களுடையது என்று வழக்குப் போட்டுவிடுவோமாம். பயம் அவருக்கு, இடுப்பு வலி எனக்கு.

ஏப்ரல் 22
எதிலும் மனசு ஒட்டவில்லை. பாலைப் பொங்க விட்டேன்.

மே 2
மழை இப்போதெல்லாம் பருவம் பார்த்து வருவதில்லை. இரண்டே நாளில் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் போகிறது. வரப்பை முழங்கால் உயரத்துக்கு ஏற்றினால்தான் மண் தங்கும்.

“ஏத்து, யாரு வேணாம்னா? ஜூன்ல நெட்டை அதுமேல உக்காந்து சுருட்டு பிடிப்பாரு” என்கிறார் என் வீட்டுக்காரர். மோட்டார் மெக்கானிக். வாயைத் திறந்தாலே எரிகிற இடத்தில் எண்ணெய் ஊற்றத்தான்.

மண்வெட்டியை எடுத்தேன், வைத்தேன். மறுபடி எடுத்தேன், வைத்தேன்.

மே 27
செடியைப் பிடுங்கிய கையோடு மேல்மண்ணையும் அள்ளிவிட்டேன். பதினோரு சாக்கு. நான் ஆக்கி வச்சத இன்னொருத்தர் ஏன் சாப்பிடணும்? நான் சுமந்த மண்ணு — தப்பா? தப்பாவே இருக்கட்டும்.

மே 28
காலையில் முதல் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினேன். பாதி வழியில் எதிரே ஒரு சாக்கு ஏறி வந்தது. அதன் அடியில் நெட்டை அண்ணன்.

“என்னம்மா அது?”

“முதல்ல நீங்க சொல்லுங்கண்ணே.”

“ஆட்டு எரு போட்டுத் தேத்துன மண்ணு. உனக்கு விட்டுட்டுப் போக மனசு வரல.”

சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது அழுகை வந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுருட்டைப் பற்றவைத்தார்.

இரண்டு சாக்கும் வந்த வழியே திரும்பின.

மே 30
இரண்டு பேருமாக நிலக்காரர் வீட்டுக்குப் போனோம். இடம் மாற மாட்டோம், ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்றோம்.

“எழுதிக் குடுத்துட்டா அப்புறம் உங்கள அசைக்க முடியுமா?”

“நிலம் உங்களோடதுதான்னு முதல் வரியிலயே எழுதுங்கய்யா. நாங்க கையெழுத்துப் போடுறோம்” என்றேன்.

“இஷ்டம் இல்லன்னா காலி பண்ணிட்டுப் போங்க.” எழுந்து உள்ளே போய்விட்டார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ? பள்ளமாவது மிஞ்சியிருக்கும்.

ஜூன் 1
மாறவில்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை. வரப்பை ஏற்றத் தொடங்கினேன். எனக்குப் பைத்தியம்தான்.

ஜூன் 6
வீட்டுக்காரர் தானாகவே இன்னொரு மண்வெட்டியோடு வந்தார். வரப்பின் மறுமுனையிலிருந்து வெட்டத் தொடங்கினார்.

ஜூன் 19
நேற்றிலிருந்து மழை. விடுவதாக இல்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

ஜூன் 20
மழை விட்டது. மற்ற வயல்களின் மண்ணெல்லாம் சாலையில் கிடக்கிறது. என் வரப்பு ஓரிடத்தில் உடைந்தது, ஆனால் மண் தங்கிவிட்டது. நெட்டை அண்ணனும் வரப்பை ஏற்றியிருந்தார், அங்கேயும் அப்படித்தான்.

நிலக்காரர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சாலையில் நின்று பார்த்தார்.

“எல்லாம் என் மண்ணு” என்றார்.

“ஆமாங்கய்யா, உங்களோடதுதான்” என்றேன். குத்திக்காட்டச் சொல்லவில்லை. அவருக்கு எப்படிக் கேட்டதோ.

ஜூலை 3
நிலக்காரரே எங்கள் இருவரையும் கூப்பிட்டு அனுப்பினார். ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. முதல் வரி நான் சொன்னதுதான்.

ஜூலை 8
நாற்றுப் பண்ணைக்குப் போனேன். எலுமிச்சைக் கன்று காய்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். நாலு என்றார் பண்ணைக்காரர். விரலை மடக்கிப் பார்த்தேன். ஐந்தில் நாலு போனால், ஒரு வருஷம் பழம் பறிக்கலாம்.

இரண்டு கன்று வாங்கினேன். ஒன்று நெட்டை அண்ணனுக்கு.