குன்றின் மேல் பள்ளி

வள்ளியூர்

அன்புள்ள அப்பாவுக்கு, பத்மஜா வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் மூச்சிரைப்பு தணிந்ததா? நான் சறுக்கி விழுந்ததைப் போனில் சொன்னால் அம்மா பதறுவாள் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் பேச்சித்தாய் அக்கா ஞாயிற்றுக்கிழமை தன் ஊர்க் குன்றுக்கு அழைத்துப் போனார். பாறையில் சறுக்கி உட்கார்ந்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"பைய எந்திரிங்க டீச்சர். சாமியாருவ படுத்துக் கெடந்த எடம்லா இது" என்றார் அக்கா.

பார்த்தால், தலையணையோடு செதுக்கிய கல் படுக்கைகள். நம் சமண முனிவர்கள் தங்கியவை!

பள்ளி என்றால் முதலில் படுக்கை, பிறகு துறவிகள் தங்குமிடம், அங்கே அவர்கள் பாடம் சொன்னதால்தான் பள்ளிக்கூடம் என்பீர்களே. வெறுங்கல்லில் படுத்துக்கொண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லியிருக்கிறார்கள். மலைப்பாக இருக்கிறது அப்பா. அக்கா அந்தக் கல்லை முந்தானையால் துடைத்துப் பூ வைத்தார்.

இங்கே நம்மவர் ஒருவரும் இல்லை என்று அழுதேன் அல்லவா? எனக்கு முன்னமே வந்து படுக்கை போட்டு வைத்திருக்கிறார்கள். நம் வந்தவாசிக்கே மாற்றல் கேட்டு யாரிடமும் பேச வேண்டாம்.

நம் வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், முடிக்கிறேன். வெங்காயம் சேர்க்காத பொடியும் என் பழைய போர்வையும் அனுப்புங்கள். இங்கே குளிரில்லை. இருந்தாலும் அனுப்புங்கள்.

மகள்
பத்மஜா