தியோராவின் கையில்லாச் சட்டை

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று கடைக்கு மூன்று பெண் பிள்ளைகள், மூன்று அம்மாமார், ஒரே சட்டை. போனில் படத்தைக் காட்டி, "அங்கிள், தியோரா போட்டிருக்கிற மாதிரி" என்கிறார்கள். தியோரா என்பவள் பாட்டுக்காரி. அவள் சட்டைக்குக் கையே கிடையாது. கை தைக்காமலே சட்டைக்கு முழுக் கூலி வாங்குகிற தையல்காரன் நான். அவள் மேல் கோபப்பட எனக்கு என்ன நியாயம்?

வீட்டுக்கு வந்தால் நாலாவது வாடிக்கையாளர் காத்திருக்கிறார். என் மகள் சஞ்சீவனி. வயது பதினைந்து.

"அப்பா, எனக்கும் அதே மாதிரி தைச்சுத் தாங்க. அத்தை வீட்டு விசேஷத்துக்கு."

"ஊரார் புள்ளைகளுக்குத் தைக்கிறது தொழில். வீட்டுப் புள்ளைக்குக் கை வச்சுத்தான்."

"அப்ப ஊரார் புள்ளைங்க கெட்டுப் போனா பரவாயில்லையா?"

பதினோராம் வகுப்புச் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தினவனிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? உதவிக்கு என் மனைவி பிரேமிளாவைப் பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சஞ்சீவனிக்கு ஸ்கூலில் விவாதப் போட்டியாம். 'பாப் பாடகி பெண் பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரியா?' இவள் 'ஆம்' அணி. கேட்காமலே எதிரணிக்கான பொயின்ட் எல்லாம் நான் எடுத்துக் கொடுத்தேன். உடுப்பு, தலைக்கு அடித்திருக்கிற நீலச் சாயம், சோடா விளம்பரத்தில் நடிப்பது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

"தேங்ஸ்பா. அவங்க இதைத்தான் சொல்லுவாங்க. பதில் தேடிக்கிறேன்."

பிறகு ஒரு வீடியோவைப் பார்க்கச் சொன்னாள். சின்னதுதானாம். நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். நான் நாளைக்கு என்று சொன்ன பிளவுஸ்கள் எத்தனை தீபாவளி தாண்டியிருக்கின்றன என்று கண்டி ஊருக்கே தெரியும்.

இதையும் எழுதி வைக்க வேண்டும். சஞ்சீவனிக்குச் சீனி வருத்தம். இரண்டு வருஷமாக இன்சுலின். டொக்டருக்கும் வகுப்பு டீச்சருக்கும் தவிர யாருக்கும் சொல்லவில்லை, என் கூடப் பிறந்த அக்காவுக்குக்கூட. பெண் பிள்ளை, நாளைக்கு நாலு பேர் பெண் கேட்டு வருவார்கள். ஊசியை வைக்க யூனிபோமில் வெளியே தெரியாத பொக்கெட் ஒன்று தைத்துக் கொடுத்தேன். நல்ல வேலைப்பாடு என்று எனக்கு ஒரு பெருமை வேறு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பன்வில ஊரில் என் அன்னலட்சுமி அக்கா புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். இலை போடப் போகிறார்கள் என்றதும் சஞ்சீவனி பாத்ரூமுக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். ஊசி போட்டால் தாமதிக்காமல் சாப்பிட வேண்டும். ஆனால் எங்கள் வழக்கம்? விருந்தாளிகளும் ஆம்பளைகளும் முதல் பந்தி. வீட்டுப் பெண் பிள்ளைகள் பரிமாறிவிட்டுத்தான் உட்காரலாம். அக்கா அவள் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பசிக்குது, இப்பவே சாப்பிடணும் என்று அவள் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்லுவா? யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொன்ன அப்பன் முதல் பந்தியில உக்காந்து அப்பளம் நொறுக்கிக்கிட்டு இருக்கானே.

அவள் முகம் வேர்த்திருந்தது. பார்த்தேன். அடுப்படிச் சூடு என்று நினைத்தேன். "இந்தப் பக்கமும் ஊத்தும்மா" என்றேன் — கடவுளே, அதைத்தான் சொன்னேன். அகப்பை ஆடி, சாம்பார் என் வேட்டியில் கொட்டியது. பகிடி பண்ண வாயைத் திறந்தேன். அவள் சுவரோடு சரிந்து கீழே உட்கார்ந்தாள்.

கண்ணூறு என்றார் ஒருவர். ஒருவர் சுற்றிப் போடத் தேசிக்காய் தேடி ஓடினார். நான் எச்சில் கையோடு எழும்பிக் கத்தினேன்: "சீனி கொண்டாங்க! புள்ளைக்குச் சீனி வருத்தம், ஊசி போட்டிருக்கா, சீனி கொண்டாங்க!"

இரண்டு வருஷம் மூடி வைத்ததை முழுப் பந்திக்கும் நானே அறிவித்துவிட்டேன். பிரேமிளா சீனித் தண்ணீரோடு ஓடிவந்து மடக்கு மடக்காகக் குடிக்கக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை முகத்தை நிமிர்த்தி, "வேட்டி நாசமாப் போச்சாப்பா?" என்று கேட்டாள்.

நினைவு தப்புவதற்கு முன்னால் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று என்றார் டொக்டர். அந்த நல்லதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாசலில் நிற்கிற செக்கியூரிட்டிக்குக்கூடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. அக்கா போனில் கூப்பிட்டார்.

"என்கிட்டயுமா மறைச்ச, தம்பி?" என்று அழுதார். அழுது முடித்து, "சரி, குடும்பத்தோட இருக்கட்டும். ஸ்கூல்ல சொல்லிக்கிட்டுத் திரியாமப் பாத்துக்க. பொம்பளப் புள்ள" என்றார்.

என் குரலை வெளியிலிருந்து கேட்ட மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 27, புதன்

அந்த வீடியோவைப் பார்த்தேன்.

மேடையில் துள்ளிப் பாடிக்கொண்டிருக்கிற தியோரா பாதிப் பாட்டில் நிறுத்துகிறாள். மேடை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்காருகிறாள். "சீனி இறங்கிருச்சு, ரெண்டு நிமிஷம் தாங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளை போல ஸ்ட்ரோ வைத்து ஜூஸ் குடிக்கிறாள். மேல்கையில் வட்டமாக ஏதோ ஒட்டியிருக்கிறது. இரத்தத்தில் சீனி பார்க்கிற சாமானாம், சஞ்சீவனி சொன்னாள். சட்டைக்குக் கை இல்லாததால் எல்லாருக்கும் தெரிகிறது. அத்தனை ஆயிரம் சனமும் சத்தமில்லாமல் காத்திருக்கிறது.

எங்கள் பந்தி சாம்பாருக்குக் கொஞ்சம் காத்திருந்திருக்காதா?

"எப்ப இருந்து இவளைப் பிடிக்கும்?"

"ஆஸ்பத்திரியில மொதல்ல ஊசி போட்டாங்களே, அன்னைக்கு இருந்து. பக்கத்துக் கட்டில் அக்காதான் காட்டினாங்க."

நான் சட்டையை மட்டுமே பார்த்திருக்கிறேன். தையல்காரன் புத்தி.

தோற்பதற்கு மனம் வராமல், "சோடா விளம்பரத்துல நடிக்கிறாளே, அது?" என்றேன்.

"அது பிழைதான்பா. அதுக்கு மார்க் குறைச்சிட்டேன். உங்களுக்கும் குறைச்சிருக்கேன்."

"எனக்கு எவ்வளவு?"

"பாஸ்."

எனக்குப் படிப்பில்கூட அவ்வளவு சந்தோஷமாக பாஸ் கிடைத்ததில்லை. ஆனால் அடுத்ததாக ஒன்று கேட்டாள். "விவாதத்துல என்னைப் பத்திச் சொல்லட்டுமா?"

அம்மாகிட்ட கேளு என்றேன். கோழை.

செப்டம்பர் 2, செவ்வாய்

பிரேமிளாவிடம் கேட்டாளாம். "எனக்கு எப்பவோ சம்மதம். அப்பாதான் பயப்படுறார்" என்றாளாம். இரண்டு வருஷமாக அவள் பயப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 3, புதன்

ஒரு பிளவுஸுக்கு இடது கையை வலது பக்கம் பூட்டிப் பிரித்தேன். நாளைக் காலையில் அவள் ஸ்கூலுக்குப் புறப்படும்போது "சொல்லு" என்று சொல்லிவிட வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

சொன்னேன். பஸ் கிளம்பிய பிறகு, ஜன்னலோடு சேர்ந்து ஓடிக்கொண்டு. கண்டக்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

செப்டம்பர் 5, வெள்ளி

தோற்றுவிட்டார்கள். சோடா விளம்பரத்தை வைத்தே எதிரணி அடித்து நொறுக்கியது. அந்தப் பொயின்டை முதலில் கண்டுபிடித்தவன் என்ற முறையில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆனால் மண்டபத்தின் கடைசி வரிசைக் கதிரையில் இருந்து நான் கேட்டேன். பிள்ளை சொன்னாள்: "அவங்க செய்றது எல்லாத்தையும் நான் செய்யப் போறதில்லை. எனக்கும் அதே வருத்தம்தான். நான் பாத்ரூமுக்குள்ள ஒளிஞ்சு ஊசி போட்டேன். அவங்க மேடையில உக்காந்து ஜூஸ் குடிச்சாங்க. அந்த ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டேன்."

முடிந்ததும் கூட்டாளிகள் அவளைச் சுற்றி நின்று, வலிக்குமா, நீயேவா குத்துவாய் என்று ஒரே கேள்வி. எதிரணித் தலைவிதான் அதிகமாகக் கேட்டாள். நான் பயந்திருந்த முகம் ஒன்றையும் அங்கே காணவில்லை. நாளைக்கு எங்காவது இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும்.

ஒக்டோபர் 18, சனி

தீபாவளி நெருக்கடி. எல்லார் துணியையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு சட்டை மட்டும் வெட்டினேன். கை வைக்கவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளிக்கு அக்கா வீடு. இலை போடும் நேரம் அக்கா அடுப்படி வாசலில் நின்று, "சஞ்சி, ஊசியைப் போட்டுக்கிட்டு வா. முதல் இலை உனக்கு. மத்தவங்க பிறகு" என்றார். புதுச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். வாய் வரைக்கும் ஏதோ வந்தது. விழுங்கிவிட்டார். அக்கா விழுங்கி நான் பார்த்ததில்லை.

ஹோலில் எல்லார் முன்னாலும் ஊசி போட்டுக்கொண்டு, சஞ்சீவனி முதல் பந்தியில் உட்கார்ந்தாள். அக்கா வீட்டுக்காரர், பெரிய மச்சான், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். ஆட்டுக்கறிக் குழம்பு வாளி என் கையில்.

"இந்தப் பக்கமும் ஊத்துங்கப்பா" என்றாள்.

ஊற்றினேன். இலையில்தான் விழுந்தது.