அக்கா வீட்டில்தான் இருந்தார்

அனுப்புநர்:
தரவரிசையில் 812-ஆம் இடத்தில் உள்ள டென்னிஸ் வீராங்கனையின் தங்கை,
தையற்கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஊக்கமருந்து தடுப்பு விசாரணைக் குழு.

பொருள்: என் அக்கா மூன்றாம் முறையாகச் சோதனைக்குத் தவறியதாக உள்ள பதிவை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான் என்பதால் இம்மனுவை நான் எழுதுகிறேன். தங்கள் அலுவலகத்துக்கு இருமுறை தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் குரல் கேட்டதும் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எந்த நாளில் எங்கே இருப்போம் என்று வீரர்கள் மூன்று மாதங்களுக்குத் தங்களிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் சோதனைக்கு வரும் தங்கள் அலுவலர்களிடம் ஓராண்டுக்குள் மூன்று முறை அகப்படாவிட்டால் தடை. அக்காவைப் போன்றவர்களுக்கு அது எளிதன்று. வென்றால் போட்டி நடக்கும் ஊரில் இருப்பார். தோற்றால் அன்றே பேருந்து ஏறிவிடுவார். முதல் இரண்டு தவறுதல்களும் அப்படித் தோற்றுத் திரும்பியதைத் தெரிவிக்காததால் நேர்ந்தவை. அவற்றை நாங்கள் மறுக்கவில்லை.

2. மூன்றாவது வேறு. அக்கா தோற்கும்போதெல்லாம், அவர்மேல் பந்தயம் கட்டி இழந்தவர்கள் கைபேசியில் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஒருமுறை இருவர் வாசலுக்கே வந்து கத்திவிட்டுப் போனார்கள். காவல் நிலையத்தில் முறையிட்டோம். "யார் வந்து கேட்டாலும் ஆள் இல்லன்னு சொல்லிடுங்கம்மா" என்று அங்கிருந்த அதிகாரிதான் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

3. சோதனை நாளன்று, தாம் தெரிவித்திருந்த அதே வீட்டில், அதே நேரத்தில், அக்கா கைபேசியை அணைத்துவிட்டு உள்ளறையில் உறங்கிக்கொண்டிருந்தார். நான் காலைப் பணிக்குப் போய்விட்டேன். தங்கள் அலுவலர்கள் அடையாள அட்டையைக் காட்டியிருக்கிறார்கள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்.

நான் திரும்பியதும், "இன்னைக்கும் வந்தானுங்கடி. இந்தத் தடவ ஒரு பொம்பளையயும் கூட்டிட்டு வந்திருக்கானுங்க. ஒரு மணி நேரம் கீழயே நின்னாங்க, நான் அசையலையே!" என்றார். அக்காவும் நானும் சிரித்தோம். அடுத்த வாரம் தங்கள் கடிதம் வந்தது. அதை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

4. அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. இரண்டு ஆண்டு தடை என்றால் சேர்த்த புள்ளிகள் எல்லாம் போய்விடும்; தரவரிசையில் பெயரே இராது. ஆனாலும் விளக்கம் எழுத அவர் உடன்படவில்லை. "எழுதினா அம்மா பொய் சொன்னாங்கன்னு எழுதணும். வேணாம், விடு" என்கிறார். அவருக்குத் தெரியாமல்தான் இதை அனுப்புகிறேன்.

5. அம்மா இப்போது மணி அடித்தால் யாரென்று கேட்பதில்லை. கதவை விரியத் திறந்து, "இருக்கா, உள்ளதான் இருக்கா, வாங்க" என்கிறார். நேற்று பால்காரரிடமும் அப்படித்தான் சொன்னார். மறுபடி வந்து கத்துபவர்களிடமும் அப்படித்தான் சொல்வார்.

ஆகவே, அந்த மூன்றாம் பதிவை நீக்கி உதவுமாறு பணிந்து வேண்டுகிறேன். விதி இடம் தராது என்றால், ஆணையில் அம்மாவைக் குறித்த வரியையாவது சேர்க்காமல் இருக்க வேண்டும் ஐயா. அதையும் நான்தான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இடம்: எங்கள் வீடு
நாள்: மார்ச் 9

இப்படிக்கு,
(ஒப்பம்)
வீராங்கனையின் தங்கை