சீனாக்காரர் சொன்ன பேய்

பிப்ரவரி 6, செவ்வா

கரண்டு எடுக்குத காத்தாடியோட றெக்கை ஏத்த ஹார்பருக்கு வந்த சீனாக் கப்பல்ல இன்னைக்கும் வேலை. றெக்கைன்னா ஒரு தெரு நீளம். கிரேன்ல அது போவும்போது திமிங்கலம் வானத்துல தூங்குத மாதிரி இருக்கும். சரி, சொல்ல வந்தது வேற.

கப்பல் சமையக்காரர் லியூ செல்போன்ல ஒரு படம் காட்டுனாரு. மலைப்படியில ஒரு கெழவிய முதுகுல தூக்கிட்டு நிக்காரு. "மா"ன்னாரு. அம்மா. பொறவு முதுகத் தட்டி, "பேய், பேய்"ன்னாரு. செத்துட்டாவ போல. ஆவிய முதுகுல கொண்டு திரியுதாரு, பாவம். நான் தொப்பியக் கழத்தி நெஞ்சுல வச்சேன். அவரு முழிக்காரு.

7, புதன்

எம் பொண்டாட்டி சந்தனச்செல்வி கோவத்துல இருக்கா. இடுப்பெலும்பு ஒடஞ்சு ஆஸ்பத்திரில இருந்து வந்தப்ப, நாலு பேரு நாக்காலில வச்சு மூணாம் மாடிக்கு ஏத்துனோம். அதோட இறங்கல. ஞாயித்துக்கெழம விளாத்திகுளத்துல மக முத்துமணிக்கு வளைகாப்பு. திரும்ப நாக்காலில வச்சு இறக்குவோம்னேன்.

"பொணமா நான்?"

"அப்போ எம் முதுகுல ஏறிக்களா."

"நான் என்ன உப்பு மூட்டையா? நீங்க மட்டும் போங்க."

பெத்தவ இல்லாம வளைகாப்பா?

9, வெள்ளி

லியூ அம்மா உசிரோட இருக்காவ! வீடியோல வந்து கையாட்டுனாவ. வாய் நெறைய என்னமோ திங்காவ. சீனாப் பாசையில பேய்னா முதுகுல சுமக்குததாம். அரிசி மூட்டைக்கும் அதான், அம்மைக்கும் அதான். தூரத்துக் கப்பல் ஊதுத மாதிரி ஒரே மட்டத்துல இழுத்துச் சொல்லணும்.

நாம இடுக்குதோம், ஏந்துதோம், தூக்குதோம், சுமக்குதோம் — முதுகுக்குன்னு தனியா ஒண்ணு இருக்கா? வீடு வார வரைக்கும் யோசிச்சேன். கெடைக்கல.

10, சனி

செல்விட்ட சொன்னேன். "பெத்த அம்மையவா பேய்ங்கான்?"னு சிரிச்சா. எத்தன நாளாச்சு! பொறவு மெதுவா, "மூட்டைக்கும் தனக்கும் ஒரே சொல்லுன்னு அந்தம்மாவுக்குக் கோவம் வரலியா?"ன்னா.

"படத்துல கண்ண மூடிச் சாஞ்சிருந்தாவ."

பட்டுச்சேலைய எடுத்துக் காத்தாடப் போடச் சொன்னா.

11, ஞாயிறு

ரெண்டாம் மாடி ஈவாஞ்சலின் டீச்சர் கதவத் தொறந்து, "என்ன அண்ணாச்சி இது?"ன்னாவ.

"பேய் ஏறிருக்கு டீச்சர்"னா செல்வி, பின்னால இருந்து.

அவ மூச்சு எங் காதுல. தண்ணிக்குள்ள நடக்குத மாதிரி இருந்துச்சு. கீழ ஆட்டோ நிக்குது. இறக்கட்டான்னேன்.

"தெருமுக்கு வரைக்கும் போவியளா? கடல்காத்து வருது."

ஆட்டோக்காரன் டிக்சன் பின்னாலயே மெதுவா உருட்டிட்டு வந்தான்.